ஃபேஸ் ஸ்டீமர் ஒன்று, சொந்த உபயோகம்

1. காலையில் வந்த போன்

"செல்வி, நீ அங்க ஸ்பிண்டில் பேரிங் மாத்தப் போனியா, ஃபேஷியல் பண்ணப் போனியா?"

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். ஒரு கையில் டூத் பிரஷ், இன்னொரு கையில் செல்போன். எங்கள் சர்வீஸ் மேனேஜர் கோபிநாத் சார் எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அப்போது நான் ஓசூரில், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பை வெட்டும் சிஎன்சி மெஷின்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் மெஷினை வாங்கிய தொழிற்சாலைகளுக்குப் போய் ரிப்பேர் பார்த்துக் கொடுப்பது வேலை. ஃபீல்டு டீமில் நான் ஒருத்திதான் பெண். முந்தைய நாள் பர்கூர் ரோட்டில் ஒரு பிளான்ட்டில் இரண்டு மெஷின்களுக்காகப் போயிருந்தேன். முதல் மெஷினில், வெட்டும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கை மாற்றிச் சாயங்காலத்துக்குள் முடித்து, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டாவது மெஷின் அன்றைக்குச் செய்ய வேண்டியது.

"நீ ரெடி பண்ணிக் குடுத்த மெஷின் செகண்ட் ஷிப்ட்ல ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுடுச்சாம். வெட்டற டூல் ஒடஞ்சு, வெட்டிக்கிட்டு இருந்த ஜாபும் ஸ்கிராப் ஆயிடுச்சாம். என்னன்னு போய்ப் பாத்தா, பேனல் பிளக்குல உன்னோட மூஞ்சிக்கு ஆவி புடிக்கிற மெஷின் சொருகி இருக்காம். எனக்கு எவ்ளோ அசிங்கம் தெரியுமா?"

"சார், நான் சாயங்காலமே கெளம்பி லாட்ஜுக்கு வந்துட்டேன் சார்."

"இன்னிக்கு அந்த ரெண்டாவது மெஷின முடிச்சிட்டு வா. திங்கக்கிழமையில இருந்து ஆபீஸ்ல கோஆர்டினேஷன் பாரு. லேடீஸுக்கு ஃபீல்டு சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்."

போனை வைத்துவிட்டார். கோஆர்டினேஷன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த இன்ஜினியர் எந்தப் பிளான்ட்டில் இருக்கிறார் என்று நாளெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருப்பது. ஸ்பேனர் பிடிக்கத்தான் நான் டிப்ளமோ படித்தேன். போன் பிடிக்க இல்லை.

2. எனக்கு மட்டும் ராஜினாமா

இப்போது வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு: "மேடம், டூர்லயே இருந்தீங்களே, ஸ்கின்ன எப்படி மெயின்டெய்ன் பண்ணீங்க?" சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன்.

மெஷின் வேகமாகச் சுற்றும்போது, சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டும் எண்ணெயும் புகைபோல எழும்பிக் காற்றில் நிற்கும். அதற்கு ஆயில் மிஸ்ட் என்று பெயர். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு வேலை பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் என் கன்னத்திலும் நெற்றியிலும் பொடிப்பொடியாகக் கறுப்பு முனையோடு கொப்புளங்கள் வந்தன. பிறகு அவை சீழ் வைத்தன. வெயிலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும்.

ஓசூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பார்த்த உடனே சொன்னார்: "வேலைய விட்டுடும்மா. தானா சரியாயிடும்."

எங்கள் டீமில் சேகர் அண்ணன் என்று ஒரு சீனியர் உண்டு. அவருக்கு இரண்டு முழங்கையிலும் இதே கொப்புளங்கள். அவரும் அதே டாக்டரிடம்தான் போனார். அவருக்கு ஒரு ஆயின்ட்மென்ட் எழுதிக்கொடுத்து, முழுக்கைச் சட்டை போடச் சொன்னார். அவருக்கு முழுக்கைச் சட்டை, எனக்கு ராஜினாமா. அந்த டாக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்ததால் வேறு வழியில்லாமல் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்ததும் முகத்துக்குக் கொஞ்ச நேரம் ஆவி காட்டி எண்ணெயை இளக்க வேண்டும். மிருதுவான பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். காரம் இல்லாத ஃபேஸ் வாஷ், அதன்மேல் ஒரு கிரீம், காலையில் சன்ஸ்கிரீன். ஒரு நாளும் விடக்கூடாது. வீட்டில் இருந்தால் இதில் ஒரு சிரமமும் இல்லை. நானோ வாரத்தில் பாதி நாள் லாட்ஜில். அங்கே வெந்நீர் காலையில் ஒரு பக்கெட், குழாயில் உப்புத் தண்ணீர், கரன்ட் எப்போது போகும் என்று அதற்கே தெரியாது.

எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோனால் வேலையில் இருக்கலாம். இல்லாவிட்டால் டாக்டர் சொன்னதுதான். எனக்கு முன்னால் இருந்தது அவ்வளவுதான்.

3. பெட்டி

எங்கள் தொழிலில் டூல் பெட்டிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பெட்டிக்குள் கெட்டியான ஃபோம் ஷீட் வைத்து, ஒவ்வொரு டூலின் உருவத்துக்கும் அதில் பள்ளம் வெட்டுவோம். டயல் கேஜுக்கு அதன் வட்டம், ஆலன் கீ செட்டுக்கு அதன் நீளம். வேலை முடிந்து பெட்டியை மூடும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தால், ஒரு டூலை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இதைச் சொல்லிக்கொடுத்தது சேகர் அண்ணன்.

பஸ்ஸில் போகிறவளுக்கு இரண்டு பெட்டி தூக்க முடியாது. அதனால் பெட்டியின் மேல்தட்டு டூலுக்கு, கீழ்த்தட்டு எனக்கு என்று பிரித்தேன். கீழ்த்தட்டு ஃபோமையும் அதே மாதிரி வெட்டினேன். பெங்களூரில் வாங்கிய டம்ளர் அளவு ஸ்டீமருக்கு ஒரு வட்டம். பென்சில் பேட்டரியில் சுற்றும் ஃபேஸ் பிரஷ்ஷுக்கு ஒரு பள்ளம். மடக்குக் கண்ணாடி, அதன் விளிம்பில் ஒரு குட்டி விளக்கு. லாட்ஜ் பாத்ரூம் பல்பை நம்பி முகம் பார்க்க முடியாது. லாட்ஜில் ஸ்விட்ச் போர்டு எப்போதும் கட்டிலுக்குப் பின்னால்தான் இருக்கும் என்பதால் ஃபியூஸ் வைத்த ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர். கேமரா ஃபிலிம் ரோல் வரும் டப்பாக்களை ஸ்டூடியோவில் கேட்டு வாங்கி, கிரீமையும் ஃபேஸ் வாஷையும் அதில் அடைத்திருந்தேன். ஒரு சொட்டு ஒழுகாது.

ஸ்டீமரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் நடந்தது முழுக்க அதனால்தான். அந்த மாதிரி மலிவு ஸ்டீமரில் சூடாக்கும் காயில் கிடையாது. உள்ளே இரண்டு தகடுகள் இருக்கும், தண்ணீர் வழியாகவே கரன்ட் ஓடும். நல்ல தண்ணீர் ஊற்றினால் பதமாக ஆவி வரும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கரன்ட்டை அள்ளி இழுக்கும், சீறும், ஃபியூஸைக் கொண்டுபோய்விடும். நான் கேன் தண்ணீர் தவிர வேறு எதையும் அதில் ஊற்றியதில்லை. பிளக்கைப் பிடுங்காமல் அதைத் தொட்டதும் இல்லை.

அந்தப் பெட்டியைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. மூடினால் ஒரு சத்தம் வராது.

4. கேட்டில்

இனி, போன் வந்ததற்கு முந்தைய நாள் காலை. பர்கூர் ரோடு பிளான்ட் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேல்தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கீழ்த்தட்டைப் பார்த்ததும் ஸ்டீமரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"மூஞ்சிக்கு ஆவி புடிக்கிறதுண்ணா. என் சொந்த சாமான். இங்கயே வச்சிருங்க, சாயங்காலம் வாங்கிக்கறேன்."

"கரண்ட் சாமான்லாம் செக்யூரிட்டி ரூம்ல வைக்கக் கூடாதும்மா, ரூலு. டூலுன்னா உள்ள எத்துனு போ. மேக்கப்புன்னா திருப்பி எத்துனு போயிடு."

"எங்கண்ணா எடுத்துட்டுப் போறது? ஓசூர்ல இருந்து நேரா வர்றேன். இன்னும் ரூமே போடல. டாக்டர் சொன்னதுண்ணா இது."

"அதெல்லாம் எனக்கு இன்னாம்மா தெரியும். டூலுன்னு எழுதிக்கிறேன், கையெழுத்துப் போடு. உனக்கும் வேல ஆவும், எனக்கும் வேல ஆவும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. நோட்டில் டூல், மெட்டீரியல் என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. சேகர் அண்ணன் இதே கேட்டில் பல முறை கரன்ட் ஷேவரோடு உள்ளே போயிருக்கிறார். "ஷேவிங் செட்டா? போங்க சார்" என்று எழுதாமலே விட்டிருக்கிறார்கள். என் ஸ்டீமர் மட்டும் டூலாகப் பிறந்திருக்க வேண்டும். ‘டூல் பெட்டி, ஸ்டீமர் உட்பட’ என்று அவர் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வெளியே வரும்போது பெட்டியை விடவில்லை. டூல் என்று உள்ளே போனது வேலை முழுதாக முடிந்து மெயின்டனன்ஸ் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். இரண்டாவது மெஷின் பாக்கி. மேனேஜரும் வீட்டுக்குப் போய்விட்டார். "டூலுங்க எங்கம்மா போவப் போவுது, பத்திரமா இருக்கும்" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

பெட்டியை மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, எண்ணெய் வழியும் முகத்தோடு டவுன் பஸ் ஏறினேன். லாட்ஜ் சோப்பையும் உப்புத் தண்ணீரையும் போட்டு முகம் கழுவினேன். காலையில் கன்னம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. அந்த முகத்தோடு நின்றபோதுதான் கோபிநாத் சார் போன் செய்து ஃபேஷியலைப் பற்றிக் கேட்டார்.

5. முனிராஜ்

பிளான்ட்டுக்குப் போனபோது இரண்டாவது ஷிப்ட் சூப்பர்வைசர் முனிராஜை வீட்டிலிருந்து வரவழைத்து நிறுத்தியிருந்தார்கள். வேப்பனப்பள்ளிக்காரர், நாற்பது தாண்டியவர். செக்யூரிட்டியிடம் தெலுங்கு, ஆபரேட்டர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசுவார்.

என் பெட்டி திறந்து கிடந்தது. கீழ்த்தட்டில் வட்டப் பள்ளம் காலி. ஸ்டீமர் மெஷின் பேனலின் கைப்பிடியில் ஒயரால் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பார்த்தேன். தகடு இரண்டிலும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

"முனிராஜண்ணா, இதுல எந்தத் தண்ணி ஊத்துனாங்க?"

"கொழாத் தண்ணிதான் மேடம். போர் தண்ணி. நான்தான் ஊத்துனேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை.

"டோர் கிளாஸ்ல வெளிப்பக்கம் கூலன்ட்டு பிசின் மாதிரி ஒட்டிக்கினு இருந்துச்சு மேடம். ஆபரேட்டருக்கு உள்ள ஒண்ணும் தெரியல. துணி போட்டுத் தொடச்சோம், போவல. உங்க பொட்டிய திறந்தா, டயல் கேஜு, பிரஷ்ஷு, லைட்டு வச்ச கண்ணாடி, நடுவுல இது. ஸ்டீம் கிளீனரு சின்ன சைஸ்ல வந்திருக்குது, உங்க கம்பெனி புதுசா குடுத்திருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் கேட்டுல ஒரு வார்த்த கேட்டேன். டூலுன்னுதான் எழுதிருக்குதுன்னாங்க. தண்ணி ஊத்தி பேனல் பிளக்குல போட்டேன். நல்லாத்தான் ஆவி வந்துச்சு. அப்புறம் டப்புனு எல்லாம் ஆஃப் ஆயிடுச்சு."

மெஷினின் பேனலுக்குள் லேப்டாப் போடுவதற்கு ஒரு பிளக் உண்டு. அந்த மாடலில் அதற்கும் மெஷினை இயக்கும் கன்ட்ரோல் சப்ளைக்கும், கரன்ட் அதிகமானால் தானாக விழும் பிரேக்கர் ஒன்றேதான். உப்புத் தண்ணீர் இழுத்த இழுப்பில் பிரேக்கர் விழுந்தது, மெஷின் பாதி வெட்டில் நின்றது, வெட்டும் டூல் உடைந்தது. நான் மாற்றிய பேரிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முனிராஜ் மேல் எனக்கு வந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. டூல் பெட்டியில், டூலுக்கான பள்ளத்தில், டூல் என்று எழுதி வைத்ததை டூல் என்று எடுத்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"இத மேனேஜர் சார்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கவே இல்ல மேடம். இது யாருதுன்னாரு. உங்களுதுன்னேன். அவ்ளோதான், உங்க ஆபீசுக்குப் போன் போட்டுட்டாரு."

முனிராஜ் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி என்னோடு போயிருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "வாங்க மேடம், நானே சொல்றேன்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

6. ஒரே தப்பு, இரண்டு பெயர்

மெயின்டனன்ஸ் மேனேஜர் முனிராஜ் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"யோவ் முனிராஜு, லேடீஸ் மேக்கப் மெஷினத் தூக்கிட்டுப் போயி சிஎன்சி மெஷினுக்கு ஃபேஷியல் பண்ணியிருக்கியேய்யா."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். முனிராஜும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதே ஸ்டீமர், அதே பிளக், அதே உடைந்த டூல். நான் செய்தது என்று நினைத்தவரை அது கம்ப்ளெயின்ட். ஆபீசுக்குப் போன், வேலை மாற்றம். முனிராஜ் செய்தது என்று தெரிந்ததும் அது ஜோக்.

"சார், காலைல போன் பண்ண மாதிரியே இப்பவும் எங்க மேனேஜருக்குப் போன் பண்ணி, நடந்ததச் சொல்லுங்க."

"அட விடும்மா. சின்ன விஷயம். போய் அந்த ரெண்டாவது மெஷினப் பாரு."

"காலைல பெரிய விஷயமா இருந்துச்சே சார்."

சிரிப்பு நின்றது. என் பெட்டியைக் கொண்டுவந்து அவர் அறை வாசலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "நீங்க போன் பண்ணதும் மெஷினத் திறக்கறேன் சார்" என்றேன். அவருக்கு அந்த மெஷின் மதியத்துக்குள் ஓடியாக வேண்டும். என்னைத் தாண்டித்தான் அவர் வெளியே போகவும் வேண்டும். கொஞ்ச நேரம் ஃபைலைப் புரட்டுவதுபோல் புரட்டினார். பிறகு ரிசீவரை எடுத்தார்.

"கோபிநாத் சாரா? ஒண்ணுமில்ல, அந்த மேட்டரு... உங்க பொண்ணு மேல தப்பு இல்ல. எங்க பையன் தெரியாம எடுத்துட்டான்" என்றார். நாற்பது தாண்டிய முனிராஜ் பையன் ஆனார், நான் பொண்ணு ஆனேன். ஸாரி என்ற வார்த்தை அந்தப் போனில் வரவில்லை. நான் எழுந்துபோய் மெஷினைத் திறந்தேன்.

7. யாருடைய முகம்

திங்கட்கிழமை ஓசூர் ஆபீஸ். கோபிநாத் சார் என்னை உட்காரச் சொன்னார்.

"சரி, தப்பு உன்மேல இல்ல. கோஆர்டினேஷன் வேணாம், டூருக்கே போ. ஆனா அந்தப் பொட்டி இனிமே வேணாம்மா. டூல மட்டும் எடுத்துட்டுப் போ. வீணா எதுக்குப் பிரச்சனை?"

பார்த்தீர்களா? ஃபீல்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபீல்டில் நான் நிற்பதற்கு வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு மாதம் பெட்டி இல்லாமல் சுற்றினால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன். டாக்டர் சொன்னதும் நடக்கும், இவர் நினைத்ததும் நடக்கும்.

வெளியே போய்ச் சேகர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் அன்றைக்கு டூர் கிளம்பத் தயாராக இருந்தார். "அண்ணே, உங்க பேக்க சார் டேபிள்ல கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்றேன். எதற்கு என்று புரியாமலே திறந்தார். கரன்ட் ஷேவர், அதன் சார்ஜர், ஆஃப்டர் ஷேவ், பவுடர் டப்பா, தலைமுடி டை பாக்கெட் இரண்டு.

"சார், இதையும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க. நானும் எடுத்துட்டுப் போகல."

"அது வேற, இது வேற."

"என்ன வேறன்னு சொல்லுங்க சார்."

"கஸ்டமர் முன்னாடி தாடியும் மீசையுமா நின்னா கம்பெனிக்கு நல்லாவா இருக்கும்?"

"அப்ப அவரு மூஞ்சி கம்பெனி மூஞ்சி. என் மூஞ்சி மட்டும் என் தலையெழுத்தா சார்?"

சேகர் அண்ணன் பேக்கின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, "அது சொல்றது நியாயந்தான் சார்" என்றார். கோபிநாத் சார் ஜன்னல் பக்கம் திரும்பி, "போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தான் சொன்னது தப்பு என்று அவர் ரிட்டயர் ஆகும்வரை ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

8. அதே கேட்

சில மாதம் கழித்து அதே பிளான்ட்டுக்குப் போனேன். அதே செக்யூரிட்டி அண்ணன் பேனாவை எடுத்து, "டூலுன்னு எழுதிக்கவாம்மா?" என்றார். முன்பு நடந்ததற்குப் பிறகும் அதையே கேட்டார்.

"வேணாம்ணா. நோட்டக் குடுங்க, நானே எழுதறேன்."

இருந்த இரண்டு கட்டத்துக்கும் வெளியே, ஓரத்தில் எழுதினேன்: ஃபேஸ் ஸ்டீமர் ஒன்று, சொந்த உபயோகம்.

"இப்டி எழுதுனா உள்ள விட மாட்டாங்களேம்மா."

"உங்க மேனேஜருக்குப் போன் போட்டுக் கேளுங்கண்ணா. நான் நிக்கறேன்."

போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனை வைத்தார். தன் டிபன் பாக்ஸ் வைக்கும் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தார். சாயங்காலம் ஸ்டீமர் என் கைக்கு வந்தது. அன்றைக்கு லாட்ஜில் கதவைச் சாத்திவிட்டு, கேன் தண்ணீர் ஊற்றி, நிம்மதியாக ஆவி பிடித்தேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் கொண்டுபோகிறவை இப்போது இன்னும் சின்னதாகிவிட்டன, சார்ஜரில் போட்டால் போதும். ஆனால் கேட்டில் கேட்கும் கேள்வி சின்னதாகவில்லை. அதற்கு வேறு பெயர் வைத்து உள்ளே கொண்டுபோகாதீர்கள். வேறு பெயர் வைத்தால் அந்தப் பெயருக்கு உரியவன் வந்து எடுத்துப் பயன்படுத்துவான், பழி உங்களுக்கு வரும். டாக்டர் சொன்னார் என்றும் ஒவ்வொருவரிடமும் சீட்டுக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டர் சொன்னதும் உண்மை, என் முகம் எனக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. இரண்டாவது காரணம் மட்டும் இருந்தாலும் அது போதும்.

அந்தக் கேட் நோட்டில் நான் எழுதியதற்கு அடுத்த மாதம் சேகர் அண்ணன் அந்தப் பிளான்ட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் என் டேபிளில் பேக்கை வைத்துவிட்டுக் குறைபட்டுக்கொண்டார்.

"உன்னால கேட்ல என் ஷேவரையும் எழுத வச்சுட்டான் செல்வி. ஹேர் டைய வேற வெளிய எடுத்து, ‘இது இன்னா சார், இதுவும் சொந்த உபயோகமா’ன்னு கேக்கறான். பின்னாடி லாரிக்காரனுங்க எல்லாம் நின்னு பாக்கறானுங்க. அசிங்கமா இருந்துச்சு தெரியுமா?"

"இருக்கும்ணே" என்றேன். "அப்படித்தான் இருக்கும்."